கேம்பிரிட்ஜின் இலையுதிர்காலத்தைப் படமெடுப்பது எப்படி? நகரத்துக்கும் பக்கத்துக் கிராமங்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

இலையுதிர்காலப் படம் என்றதும் பலருக்கும் நினைவில் வருவது தீப்பற்றியது போல் சிவந்து நிற்கும் மேப்பிள் காடுதான். அந்தப் படங்கள் பெரும்பாலும் அமெரிக்காவின் வடகிழக்கிலோ, கனடாவிலோ, ஜப்பானிலோ எடுத்தவை. அதைத் தேடி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்கு வந்தால் ஏமாற்றமே மிஞ்சும். இங்கே நிறம் மஞ்சள், தேன், செம்பு, பழுப்பு. இங்கு வந்த முதல் வருடம் நானும் சிவப்பு இலையைத் தேடித் தேடியே அக்டோபரைக் கழித்துவிட்டேன். பிறகு ஒரு காலையில், பனிமூட்டம் படிந்த ஆற்றங்கரையில் ஒருவர் தன் படகுவீட்டின் கூரையில் ஏறி, அங்கே குவிந்திருந்த இலைகளைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார். புகைக்குழாயிலிருந்து புகை நேராக மேலே போனது. அந்த ஒரு படம்தான் இன்றும் என் சுவரில் இருக்கிறது.

அன்றிலிருந்து நான் மரத்தைத் துரத்துவதை விட்டுவிட்டேன். குளிர் ஏற ஏற இந்த ஊர் மனிதர்கள் எப்படி உடுத்துகிறார்கள், எப்படி நடக்கிறார்கள், எங்கே ஒதுங்குகிறார்கள் என்பதில்தான் பருவம் தெரிகிறது. இலை அதற்குத் துணை. கீழே சொல்வதெல்லாம் இந்த எண்ணத்தில் சொல்வது.

முதலில், எந்த வாரம் போவது?

ஒரே வாரத்தில் எல்லா மரமும் நிறம் மாறுவதில்லை. ஹார்ஸ் செஸ்ட்நட் மரங்கள் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே பழுப்பாகிவிடும். அது பருவத்தின் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். இலைக்குள் துளைத்துத் தின்னும் ஒரு சிறு அந்துப்பூச்சியின் புழு செய்யும் சேதம் அது. லைம் மரங்கள் (எலுமிச்சை அல்ல, லிண்டன் என்ற நிழல்மரம்) அக்டோபரில் வெளிர்மஞ்சளாகும். வேலியோரங்களில் வளரும் ஃபீல்டு மேப்பிள் அக்டோபர் நடுவில் வெண்ணெய் மஞ்சளுக்கு வரும். பீச் மரம் அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுவரை செம்பு நிறம். ஓக் எல்லாவற்றுக்கும் பிந்தி, நவம்பரில் நிதானமாக மாறும்.

இலையில் பச்சையம் சிதையும்போது, அதற்கு அடியில் ஏற்கெனவே இருந்த மஞ்சள் நிறமி வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல. இலையில் தங்கிய சர்க்கரையிலிருந்து அது புதிதாக உருவாக வேண்டும். பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் அமைந்தால் சிவப்பு கூடும். மேகமூட்டமும் மழையுமாகப் போகிற வருடத்தில் மஞ்சளும் பழுப்பும்தான். ஒரே ஒரு வாரம்தான் கிடைக்கும் என்றால் அக்டோபர் கடைசி வாரத்தை எடுங்கள். இரண்டு வாரம் முடியும் என்றால் நவம்பர் முதல் வாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடிகாரத்தையும் கவனிக்க வேண்டும். அக்டோபரின் கடைசி ஞாயிறு இங்கே ஒரு மணி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதற்கு முந்தின நாள் சூரியன் உதிப்பது சுமார் 7.40க்கு. மறுநாள் அதே உதயம் 6.45 வாக்கில். மாலையோ சட்டென்று சுருங்கிவிடும்: நவம்பர் முதல் தேதி 4.30க்கு அஸ்தமனம், 15ஆம் தேதி 4.06 வாக்கில். மாலை ஐந்துக்கு நல்ல வெளிச்சம் இருக்கும் என்று நம்பி வந்த நண்பர் ஒருவருக்கு இருட்டுதான் கிடைத்தது.

தாழ்ந்த வெயிலைப் புரிந்துகொள்ளுங்கள்

நவம்பர் தொடக்கத்தில் நண்பகலிலேயே சூரியன் தொடுவானத்துக்கு மேலே 23 பாகைதான் இருக்கும். அதாவது நாள் முழுவதும் சாய்ந்த வெயில். உச்சி வெயில் என்ற ஒன்றே கிடையாது. வெயில் வருகிற நாளில் பதினொரு மணிக்கும் நீண்ட நிழல் கிடைக்கும், சுவரில் கல்லின் சொரசொரப்பு தெரியும், நடப்பவர் முகத்தில் பக்கவாட்டில் ஒளி விழும். ஆனால் குறுகிய தெருக்களில் ஒரு பக்கம் நாள் முழுக்க நிழலிலேயே கிடக்கும். அதனால் கிளம்புமுன் வரைபடத்தைத் திறந்து தெரு எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். நான் செய்கிற ஒரே திட்டமிடல் பெரும்பாலும் இதுதான்.

இலையைச் சூரியனுக்கு முதுகு காட்டி நின்று எடுத்தால் தட்டையாக, காகிதம் மாதிரி வரும். சூரியன் இலைக்குப் பின்னால் இருக்கும்படி நின்று பாருங்கள். அதே இலை உள்ளே விளக்கு ஏற்றியது போல ஆகும். அப்போது லென்ஸில் நேராக வெயில் விழாதபடி ஒரு கிளையையோ தூணையோ மறைப்பாக வைத்துக்கொள்ளுங்கள், அல்லது உள்ளங்கையை விரித்து நிழல் கொடுங்கள்.

கருவி பற்றிச் சுருக்கமாக

உங்களிடம் இருப்பதே போதும். போன் என்றால் அகலக் கோணத்தை மறந்துவிட்டு 2 அல்லது 3 மடங்கு லென்ஸைப் பயன்படுத்துங்கள். அகலத்தில் எடுத்தால் வெளிறிய வானம்தான் பாதிப் படத்தை அடைக்கும். கேமரா என்றால் 35 அல்லது 50 மி.மீ. லென்ஸ் ஒன்று, 85 முதல் 200 வரை போகிற ஒன்று. போலரைசர் ஃபில்டர் ஒன்று இருந்தால் நல்லது. ஈர இலையின் மேல் இருக்கும் வெள்ளைப் பளபளப்பை அது நீக்கி நிறத்தை மீட்டுத் தரும். ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை வெளிச்சம் குறையும் (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாவது), அவ்வளவுதான். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் கூடுதலாக ஒன்றைச் சட்டையின் உள் பையில், உடம்புச் சூட்டோடு வையுங்கள்.

வெளிச்சத்தின் நிறத்தைச் சமன்செய்யும் வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். காட்சி முழுக்க மஞ்சளாக இருந்தால், அது ஏதோ தவறு என்று கேமரா நினைத்து நீலத்தைச் சேர்த்துவிடும். ‘பகல் வெளிச்சம்’ என்று நிறுத்திவிடுங்கள். மேகமூட்டம் என்றால் ‘கிளவுடி’.

விடியலில் ஆற்றங்கரை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் செய்து பார்ப்பீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

முந்தைய இரவு வானிலை முன்னறிவிப்பைப் பாருங்கள். மேகமில்லாத இரவு, காற்று ஏறக்குறைய இல்லை, ஈரப்பதம் நூற்றை நெருங்குகிறது, இந்த மூன்றும் சேர்ந்தால் காலையில் பனிமூட்டத்துக்கு நல்ல வாய்ப்பு உண்டு. மேகப் போர்வை இல்லாததால் தரை தன் சூட்டை வேகமாக இழக்கிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து அதிலுள்ள ஈரம் துளிகளாகிறது. கேம் ஆறோ கோடைச் சூட்டைக் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும். அதன் மேல் குளிர்காற்று படியும்போது நீரிலிருந்து ஆவி எழும். மேலே பனிமூட்டம், கீழே ஆவி, நடுவில் படகு.

உதயத்துக்கு அரைமணி முன்பே ஜீசஸ் கிரீன், மிட்சம்மர் காமன் பக்கம் போய்விடுங்கள். எதிர்க்கரையில் கல்லூரிகளின் படகுக் கூடங்கள் வரிசையாக இருக்கின்றன. அக்டோபர் தொடக்கத்தில் புதிய கல்வியாண்டு ஆரம்பிக்கிறது. அதற்கு முன் துடுப்பையே தொட்டிராத முதல் வருட மாணவர்கள் எட்டெட்டு பேராக ஒரு படகில் உட்கார்ந்து பழகும் மாதங்கள் இவை. சுக்கான் பிடிப்பவர் கத்துவார். பயிற்சியாளர் கரையோரப் பாதையில் சைக்கிளில் கூடவே போவார், பார்வை ஆற்றில், ஒரு கை ஹேண்டில்பாரில். என் கண்ணுக்கு அந்தச் சைக்கிள்காரர்தான் நல்ல படம். துடுப்பு நீரை விட்டு எழும் கணத்தை உறையவைக்க 1/800 வினாடி ஷட்டர் வேகம் வேண்டும். இருட்டில் அவ்வளவு கிடைக்காது; ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 3200 வரை தயங்காமல் ஏற்றுங்கள்.

பனிமூட்டத்தில் கேமரா எல்லாவற்றையும் சாம்பலாக்கப் பார்க்கும். படத்தின் வெளிச்ச அளவான எக்ஸ்போஷரை +0.7 முதல் +1 வரை கூட்டினால் மூட்டம் மூட்டமாகவே வெண்மையாக வரும். போனில் திரையைத் தொட்டுப் பிடித்துப் பூட்டிவிட்டு விரலை மேலே இழுங்கள். மூட்டத்தில் ஃபோகஸ் எதையும் பிடிக்காமல் முன்னும் பின்னும் அலையும். படகின் விளிம்பு, மரத்தண்டு போன்ற கறுத்த ஓரம் ஒன்றைக் காட்டிப் பிடிக்க வையுங்கள்.

கரையோரம் கட்டியிருக்கும் படகுவீடுகளில் மக்கள் உண்மையாகவே குடியிருக்கிறார்கள். கூரையில் விறகு, சைக்கிள், செடித்தொட்டி எல்லாம் இருக்கும். தூரத்திலிருந்து படகையும் புகையையும் எடுங்கள். ஜன்னலுக்குள் லென்ஸை நீட்டுவது அடுத்தவர் படுக்கையறைக்குள் எட்டிப் பார்ப்பதுதான்.

நகரின் தென்புறத்தில் கோ ஃபென், ஷீப்ஸ் கிரீன் என்ற மேய்ச்சல் வெளிகள் இருக்கின்றன. பல்கலைக்கழக நகரின் நடுவில் மாடு மேய்வது பார்ப்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். அக்டோபர் வாக்கில் மாடுகளைக் கொட்டிலுக்கு ஓட்டிப்போய்விடுவார்கள் என்பதால் பருவத்தின் முன்பகுதியிலேயே இதை முடித்துவிடுங்கள்.

பாலங்களில் நின்று பார்ப்பது

கல்லூரிகளின் பின்புறம் ஆற்றோரமாக நீளும் புல்வெளிகளுக்குப் பேக்ஸ் என்று பெயர். கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தின் புகழ்பெற்ற தோற்றம் அங்கிருந்துதான். 1446இல் அடிக்கல் நாட்டி, 1515இல் கட்டுமானம் முடிந்த கட்டடம். குவீன்ஸ் ரோடு பக்கமிருந்து காசு எதுவும் கொடுக்காமலே புல்வெளிக்கு அப்பால் அதைப் பார்க்கலாம். நீங்கள் கிழக்கு நோக்கி நிற்பீர்கள். ஆகவே காலையில் அது கறுத்த உருவம், பனியோடு சேர்ந்தால் அழகு. மாலை மூன்றரைக்கு வெயில் நேராக அதன் முகத்தில் விழுந்து கல் தேன் நிறமாகும். இரண்டையும் எடுங்கள். பிறகு தேவாலயத்துக்கு முதுகைக் காட்டித் திரும்புங்கள். பாதையில் உங்களை நோக்கி வருகிறவர்களுக்குப் பின்னாலிருந்து அதே வெயில் வரும்.

கேரட் ஹாஸ்டல் பாலம் எல்லோருக்கும் திறந்தது. அதன் உச்சியில் நின்று தெற்கே பார்த்தால் 1640இல் கட்டிய கிளேர் பாலம், அதன் மேல் வரிசையாகக் கல்லுருண்டைகள். ஆற்றில் பண்ட் படகுகள் போகும். அடி தட்டையாக, பின்னால் நிற்பவர் நீண்ட கோலை ஊன்றித் தள்ளும் தோணி அது. கோடையில் மேல்சட்டையில்லாமல் போகிற பயணிகள் இப்போது கம்பளியை மடியில் போர்த்திக்கொண்டு ஒருவரையொருவர் ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கம்பளிதான் இந்தப் படத்தின் பருவம். மேலிருந்து நேர்கீழாக எடுத்துப் பாருங்கள். நீரில் மிதக்கும் இலைகளின் நடுவே தோணி ஒரு கோடு போட்டுப் போகும்.

சில்வர் தெருப் பாலத்திலிருந்து வடக்கே தெரிவது கணிதப் பாலம். நேர்மரங்களை மட்டும் கோத்து வளைவாகத் தெரிய வைத்தது. முதலில் 1749இல் கட்டினார்கள், இப்போது நிற்பது 1905இல் அதே வடிவில் மறுபடி கட்டியது. எல்லோரும் எடுக்கிற படம், அதனால் ஒன்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

கல்லூரிகளுக்குள் போக வேண்டுமானால் நேரம், கட்டணம், விதி எல்லாம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். வாசல்காவலரிடம் கேட்டுவிட்டுப் போங்கள், கேமரா முக்காலியை (டிரைபாட்) வெளியிலேயே மடக்கிவிடுங்கள்.

தமிழ் வாசகர்கள் டிரினிட்டி தெருவில் ஒரு நிமிடம் நிற்பார்கள் என்று நினைக்கிறேன். 1914இல் வந்த ராமானுஜன் தங்கிய வியூவல்ஸ் கோர்ட், டிரினிட்டி கல்லூரியின் பெரிய வாசலுக்கு எதிரில் இருக்கிறது. படுக்கையில் கம்பளிகளுக்கு அடியில் நுழைந்து படுக்க வேண்டும் என்று தெரியாமல், அவற்றின் மேலேயே படுத்து அவர் குளிரில் நடுங்கியதையும், தான் அதை விளக்கிக் காட்டியதையும் அப்போது அங்கே படித்த புள்ளியியலாளர் மகாலனோபிஸ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். நவம்பர் மாலையில் அந்த ஜன்னல்களில் விளக்கு எரியும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் இது நினைவுக்கு வரும்.

தெருவும் சைக்கிளும்

கேம்பிரிட்ஜின் அன்றாடம் என்றால் சைக்கிள்தான். ஒரே இடத்தில் நாற்பது நிமிடம் நிற்கத் தயாராகுங்கள். பின்னணியை முதலில் தேர்ந்தெடுங்கள்: மஞ்சளான ஒரு மரம், வெயில் விழும் ஒரு செங்கல் சுவர், ஒரு பாலத்தின் மேடு. ஃப்ரேமை முடிவுசெய்துவிட்டுக் காத்திருந்தால் மனிதர்கள் தாமாகவே உள்ளே வருவார்கள். கேரட் ஹாஸ்டல் பாலம் நடுவில் நன்றாக மேடு தட்டியது. அதன் அடிவாரத்தில் குனிந்து நின்றால் முதலில் தலை, பிறகு கழுத்துத் துணி, பிறகு சக்கரம் என்று ஒருவர் மெல்ல எழும்பி வருவார்.

ஓட்டத்தைக் காட்ட 1/30 வினாடியில் கேமராவைச் சைக்கிளோடு சேர்த்து இடுப்பிலிருந்து திருப்புங்கள். பத்தில் ஒன்று தேறினால் நல்ல நாள். அசையாமல் வேண்டும் என்றால் 1/500.

ஓட்டாத சைக்கிளையும் விடாதீர்கள். இரவெல்லாம் நின்ற சைக்கிளின் சீட்டில் ஒட்டிய ஈர இலை, முன்கூடையில் நிரம்பிய சருகு, சீட்டுக்கு மேல் மாட்டிய பிளாஸ்டிக் பை ஆகியவற்றை மூன்றடி தூரத்தில் மண்டியிட்டு எடுங்கள். மார்க்கெட் சதுக்கத்தில் பூசணிக்காய்களும் ஆப்பிள்களும் குவியும். அக்டோபர் 31 ஹாலோவீன் முடிந்ததும் வீட்டு வாசல்களில் முகம் வெட்டிய பூசணிகள் மெல்ல அழுகித் தொய்வது கேலிப்படம் மாதிரி இருந்தாலும், பருவம் கடந்துபோவதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் வேறொன்று இந்த ஊரில் இல்லை. நவம்பர் 5ஐ ஒட்டி மிட்சம்மர் காமனில் வாணவேடிக்கை நடந்து வந்தது; போகிற வருடம் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் வானத்தை எடுப்பதே இல்லை. அண்ணாந்து பார்க்கும் முகங்களில் நிறம் மாறி மாறி விழும். 1/60, ஐஎஸ்ஓ 6400 போதும்.

மனிதர்களை எடுப்பது பற்றி ஒன்று. பொது இடத்தில் படம் எடுக்க இங்கே சட்டப்படி தனி அனுமதி தேவையில்லை. ஆனாலும் முகம் தெளிவாகத் தெரியும் நெருக்கப் படம் என்றால் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். குழந்தைகள் என்றால் பெற்றோரைக் கேட்காமல் வேண்டாம். மார்க்கெட்டில் ஒரு கடைக்காரரிடம் முதலில் ஆப்பிள் வாங்குங்கள், அப்புறம் கேளுங்கள்.

மழை பெய்தால்

சந்தோஷப்படுங்கள். மழையில்தான் நடைபாதைக் கல் பளபளக்கும், இலை நிறம் அடர்ந்து வரும், மூன்றரை மணிக்கே கடைவிளக்குகள் ஈரத் தரையில் நீளும். வெளிறிய வானத்தை ஃப்ரேமுக்கு வெளியே தள்ளிவிட்டுக் கீழ்நோக்கிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. குளிரில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு, கழுத்தில் கேமராவோடு சூடான காபிக் கடைக்குள் நுழைந்தேன். லென்ஸ் முழுக்க ஆவி படிந்து, துடைக்கத் துடைக்கத் திரும்பி வந்தது. வெளியே ஒரு அருமையான வானவில் வந்து போனது. அன்றிலிருந்து உள்ளே நுழைவதற்கு முன்பே கேமராவைப் பையில் போட்டு ஜிப்பை மூடிவிடுகிறேன். பைக்குள்ளேயே மெதுவாகச் சூடேறட்டும்.

கிராமங்கள்

முதலில் கிரான்செஸ்டர். நகரின் நியூன்ஹம் பகுதியிலிருந்து ஆற்றோரப் புல்வெளி வழியே சுமார் மூன்று கிலோமீட்டர் நடை. போகும்போது ஆறு உங்கள் இடப்பக்கம், அதாவது கிழக்கே. ஆகவே உதயத்தில் நடந்தால் பனிமூட்டத்துக்குப் பின்னாலிருந்து வெயில் உங்களை நோக்கி வரும். கரையில் தலை வெட்டிய வில்லோ மரங்கள் முஷ்டி மாதிரி நிற்கும். நாயோடு நடப்பவர்கள் மூட்டத்துக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வெளிப்படுவார்கள். 100 மி.மீ.க்கு மேற்பட்ட லென்ஸ் மரங்களை அடுக்கடுக்காக நெருக்கிக் காட்டும். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். நவம்பரில் பாதை சேறுதான். கேட்டைத் திறந்தால் திரும்ப மூடுங்கள், மாடு வெளியே போய்விடும்.

ஊருக்குள் கூரை வேய்ந்த வீடுகளும் கல் தேவாலயமும் இருக்கின்றன. ஆனால் என் கண் தேடுவது வேலியோரச் சின்ன மேசைகளை. இங்கிலாந்துக் கிராமங்களில் தோட்டத்தில் மிஞ்சிய ஆப்பிளையோ பூசணியையோ வாசலில் வைத்து, பக்கத்தில் காசு போட ஒரு டப்பாவும் கையெழுத்தில் ஒரு அட்டையும் வைத்திருப்பார்கள். காவலுக்கு யாரும் இருக்கமாட்டார்கள். அந்த மேசையை நேருக்கு நேராக, கண்மட்டத்தில், சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள். டப்பாவில் காசும் போடுங்கள்.

முழு நாள் கிடைத்தால் செயின்ட் ஐவ்ஸ் என்ற ஊருக்கு, தனிக் கான்கிரீட் தடத்தில் ஓடும் வழித்தடப் பேருந்தில் போங்கள். அங்கிருந்து மரங்கள் கவிந்த திக்கெட் பாதை வழியே ஹௌட்டன் நீர் ஆலைக்கு நடந்து, ஆற்றைக் கடந்து, ஹெமிங்ஃபோர்டு ஆபட்ஸ், ஹெமிங்ஃபோர்டு கிரே என்ற இரண்டு ஊர்கள் வழியாகப் புல்வெளியில் திரும்பி வரலாம். கிரேயின் ஆற்றங்கரைத் தேவாலயத்துக்குக் கூர்கோபுரம் பாதிதான். 1741இல் வீசிய புயலில் மேல்பகுதி விழுந்துவிட்டது. எதிர்க்கரையிலிருந்து பார்த்தால் அந்த மொட்டைக் கோபுரம் நீரில் தலைகீழாகத் தெரியும். காற்று கிளம்புவதற்கு முன், காலையிலேயே போனால்தான் நீர் அசையாமல் இருக்கும்.

பீச் மரத்துக்கு நகரின் தென்கிழக்கே இருக்கும் வாண்டில்பரி. இரும்புக் காலத்து வட்ட அகழி ஒன்றைச் சுற்றி மரங்கள். அகழிக்குள் குழந்தைகள் சருகைக் காலால் உதைத்துக்கொண்டு ஓடுவார்கள். சதுப்பு நிலம் பார்க்க விக்கன் ஃபென். பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு 1899இல் வாங்கிய முதல் இயற்கைக் காப்பிடம். மரமே குறைவு. நாணல் மட்டும் வைக்கோல் நிறத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்றே தேர்ந்தெடுக்க உட்காராதீர்கள். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். குளிரில் பட்ட பாடு மறந்துபோயிருக்கும், படம் மட்டும் மிஞ்சும். திருத்தும்போது மஞ்சளை இழுத்து ஆரஞ்சாக்கும் ஆசை வரும். வேண்டாம். மஞ்சளின் ஒளிர்வைக் கொஞ்சம் ஏற்றுங்கள், பச்சையின் அடர்த்தியைக் கொஞ்சம் இறக்குங்கள், போதும். ஒரே இடத்தை அக்டோபர் முதல் வாரத்திலும் நவம்பர் மூன்றாம் வாரத்திலும் எடுத்திருந்தால் இரண்டையும் பக்கத்தில் வையுங்கள்.

கடைசியாக ஒரு குறிப்பேடு. எந்த மரம், எந்த இடம், என்ன தேதி, எத்தனை மணிக்கு வெயில் எந்தச் சுவரில் விழுந்தது என்று எழுதி வையுங்கள். என் குறிப்பேட்டில் ஜீசஸ் கிரீனின் நீண்ட பிளேன் மரச்சாலைக்கு மட்டும் மூன்று பக்கம் இருக்கிறது. படகுவீட்டுக்காரர் இலை கூட்டிய நாளும் அதில் உண்டு. அடுத்த வருடம் அதே வாரத்தில் போய்ப் படத்தின் பிரதி ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, கூரையைத் திரும்பிப் பார்த்து, துடைப்பத்தை எடுக்க உள்ளே போனார்.